சாயக்கடை ஆஸ்பத்திரி

போன மாதம் பாறசாலையில் நாம் பழைய வகுப்புக்காரர்கள் கூடியபோது, பந்தியில் எனக்கு எதிரே இருந்தவள் கேட்டாள்: "நீ அப்போ கிளாசில மொகத்தக் கோணி எங்களையெல்லாம் சிரிக்க வைப்பியே, ஓர்ம உண்டா?" எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். இலையில் பாயசம் விட்டுக்கொண்டிருந்த நேரம், அங்கே வைத்துச் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் உங்களைச் சிரிக்க வைக்கவில்லை. எனக்கு அப்போது தீனம், ஒரு நோய். அந்த ஒரு மழைக்காலத்தில் என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். நம்மில் பாதிப் பேர் இருதய மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் விழுங்குகிற வயதுக்கு வந்தாயிற்று. இனி இதைக் கேட்க உங்களுக்குப் பொறுமை இருக்கும்.

எங்கள் வீடு எங்கே என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளறடையிலிருந்து மலைப்பக்கம் ஏறுகிற ரோட்டில், ஓடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம். வீட்டோடு சேர்ந்து அப்பாவின் சாயக்கடை. ரப்பர் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே டீக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். செம்புச் சமோவரின் கீழே கரி கனன்றுகொண்டிருக்கும். வரி வரியாகக் கோடு விழுந்த கண்ணாடித் தம்ளர்கள். அந்த மாதிரித் தம்ளர் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. பாலாடையும் விறகுப் புகையும் ரப்பர் பாலின் புளிப்பும் கலந்த ஒரு வாடை அந்தக் கடைக்கு உண்டு. அப்பா காக்கி நிக்கருக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சாயை ஆற்றுவதைப் பார்க்கவே சிலர் வருவார்கள்.

அந்த வருடம் மழைக்கு முன்பு எனக்குத் தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்தது. அது போய்க் கொஞ்ச நாளில் முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் கணுக்கால் வீங்கியது. "வளருற பிள்ள, அப்படித்தான் இருக்கும்" என்று எல்லாரும் சொன்னார்கள். வீக்கம் போய்விட்டது. நாங்களும் மறந்துவிட்டோம்.

பிறகு பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் என் கைகள் என் பேச்சைக் கேட்காமல் போயின. சாயைத் தம்ளரைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கை தானாக வெட்டி இழுக்கும். தம்ளர் விழும். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். முகம் ஒரு பக்கம் இழுக்கும், புருவம் ஏறி இறங்கும், நாக்கு சட்டென்று வெளியே வந்து உள்ளே போகும். காரணம் இல்லாமல் அழுகை வரும். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பு வரும். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று உங்களில் சிலர் என் சிலேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையெழுத்து கோழி கிளறின மண் மாதிரி ஆயிற்று.

நமக்குக் கணக்கு எடுத்த டீச்சரை மறந்திருக்க மாட்டீர்கள். "மொகத்தக் கோணாதே பிள்ளே" என்பார். நான் முகத்தைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பேன். நிறுத்த நிறுத்த அதிகமாகும். பிரம்பால் கையில் அடிப்பார். அடி வாங்க நீட்டிய கையும் ஆடும். "அடிக்கும்போதும் வெளையாட்டா?" என்று இன்னும் ஒன்று விழும். நீங்கள் சிரித்தது அப்போதுதான். எனக்கு உங்கள் மேல் கோபமில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் நானே சிரித்திருப்பேன்.

வீட்டில் அப்பாவின் அக்கா, எங்களுக்கு மாமி, வேறொன்று சொன்னாள். உச்சி நேரத்தில் ஓடையைக் கடந்தபோது எதுவோ பிடித்துக்கொண்டதாம். மந்திரித்த கறுப்புச் சரட்டை என் இரண்டு மணிக்கட்டிலும் கட்டிவிட்டாள். அப்பா அதையும் நம்பவில்லை. "பள்ளிக்கூடம் போகாம இருக்க இவ காட்டுற வேல ஆக்கும்" என்றார்.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பாயில் தூங்கிப்போனேன். எழுந்தபோது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற மாமியிடம் சொன்னாள்: "தூங்கும்போ கையும் காலும் அடங்கிக் கெடக்கு மைனி. ஒரு அனக்கம் இல்ல."

"பேயும் தூங்கும்" என்றாள் மாமி.

"அப்போ அவ நடிக்கியாண்ணு நல்லாத் தெரியுதே" என்றார் அப்பா.

"நடிக்கியவ முழிச்சப்போவும் கொஞ்ச நேரம் ஓஞ்சு இருப்பா. இவளுக்கு முழிச்சா ஓய்வே இல்ல. நான் இவள டிரஸ்டு வண்டியில காட்டப் போறேன்."

டிரஸ்டு வண்டி என்று ஊரில் சொன்னது ஓர் அறக்கட்டளையின் மருத்துவ வண்டியை. திருவனந்தபுரம் பக்கம் தொழில் செய்த ஒரு குடும்பம், தங்கள் வீட்டில் அகாலமாக இறந்துபோன ஒருவரின் நினைவாக நடத்தியது. வெள்ளை வண்டி. அதில் ஒரு லேடி டாக்டரும் ஒரு நர்ஸும் மருந்துப் பெட்டிகளும் வரும். பழைய மிஷன் சர்ச்சின் முற்றத்தில் பெரிய பலாமரத்தின் கீழே வந்து நிற்கும். சர்ச்சின் முற்றம் என்பதால் எங்கள் பக்கத்து வீடுகளில் பலரும் அங்கே போகவில்லை. போனால் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று மாமி சொன்னாள். அந்தக் குடும்பமே இந்துக் குடும்பம் என்பதும், முற்றம் பெரிதாக இருந்ததால் மட்டுமே வண்டி அங்கே நின்றது என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். டாக்டர் மலையாளத்தில் பேசினார். "மோளே, நாக்கு நீட்டிக்கே" என்றார். நீட்டினேன். நிற்காமல் உள்ளே ஓடியது. தன் இரண்டு விரல்களை என் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பிடி தானாகத் தளரும், இறுகும், மறுபடியும் தளரும், மாடு கறக்கிற மாதிரி. டாக்டரின் முகம் மாறியது. முழங்கால் வீங்கியதா, தொண்டை வலித்ததா என்று கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் உண்டு, உண்டு என்றாள். பிறகு குழாயை என் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். அந்தக் குழாயின் குளிர்ச்சி இப்போதும் நினைவிருக்கிறது.

"இது நடிப்புமல்ல, பேயுமல்ல" என்று அம்மாவிடம் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னார். தொண்டைக் காய்ச்சலால் வருகிற தீனம். மூட்டுகளை நக்கிவிட்டு மூளை நரம்பைப் பிடித்திருக்கிறது. இருதயத்தின் வால்வையும் தொட்டிருக்கிறது. கையாட்டம் தானாக நின்றுவிடும். ஆனால் இன்னொரு தடவை அந்தக் காய்ச்சல் வந்தால் இருதயம் தாங்காது. வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட வேண்டும். ஒரு தடவையும் விடக்கூடாது.

"எத்தன நாளைக்கு?" என்றாள் அம்மா.

"இவள் வளர்ந்து பெரிய பெண்ணாகிற வரே."

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு "சரி" என்றாள். அந்த ஒரு சொல்தான்.

வண்டி திரும்பிப் போகும்போது டாக்டர் நம் பள்ளிக்கூடத்தில் இறங்கினார். அம்மா கேட்டுக்கொண்டதால்தான். வராந்தாவில் வைத்துக் கணக்கு டீச்சரிடம் பேசினார். எனக்குக் கேட்கவில்லை. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றிலிருந்து அடி நின்றது. என்னைப் பார்ப்பதையே டீச்சர் நிறுத்திவிட்டார் என்றும் சொல்லலாம்.

பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால் தெரியும். பால் மாதிரி கெட்டியான மருந்து. மெல்ல மெல்லத்தான் ஏறும். இடுப்பில் கல்லை வைத்துத் தைத்த மாதிரி இரண்டு நாளைக்கு வலிக்கும். முதலில் கையில் பொட்டுப்போல் குத்திப் பார்த்து, ஒத்துக்கொள்கிறதா என்று காத்திருப்பார்கள். நர்ஸ் சிஸ்டர் அதுவரை என்னோடு ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். ஸ்பிரிட்டின் வாசனை வந்தாலே எனக்கு அழுகை வரும்.

மழை பலத்தது. ஒருநாள் ஓடையின் மரப்பாலம் தண்ணீரோடு போயிற்று. ஊர்க்காரர்கள் இரண்டு கமுகுத் தடியை வெட்டி நடக்க மட்டும் ஒரு பாலம் போட்டார்கள். வண்டி இனி மேலே வராது, வெள்ளறடை ஜங்ஷனில் மட்டும் நிற்கும் என்று அறக்கட்டளையிலிருந்து சொல்லிவிட்டார்கள். என்னை அதிகம் நடக்க விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த ஊசிக்கு அம்மா என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள். நான் சின்னப் பிள்ளை இல்லை. என் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. கை வெட்டும்போதெல்லாம் அவள் கன்னத்தில் அடி விழுந்தது. தடிப்பாலத்தில் அவள் பக்கவாட்டில் அடி வைத்து நகர்ந்ததும், கீழே கலங்கிய தண்ணீர் ஓடியதும் எனக்கு நினைவிருக்கிறது.

போகிற வழியில் அம்மா ஒன்றைக் கவனித்தாள். எங்கள் பக்கத்திலிருந்து வேறு யாரும் வரவில்லை. காசநோய்க்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்த, ரப்பர் வெட்டுகிற டாப்பிங்காரர் வரவில்லை. காலில் ஆறாத புண்ணோடு இருந்த விதவை வரவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் ஒருத்தியும் வரவில்லை.

மறுவாரம் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறிப் பாறசாலைக்குப் போனாள். அதில் சர்ச்சுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள், கோயிலுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். என்னையும் கூட்டிப் போனாள். அறக்கட்டளையின் ஆபீஸ் ஒரு மாடியில் இருந்தது. மேனேஜர் வயதானவர், மரியாதையானவர். எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"ஆளு கொறவாணு" என்றார். பிறகு எங்களுக்காகத் தமிழுக்கு மாறினார். "மேல வந்தப்போவும் கொஞ்சம் பேருதான் வந்தாவ. வேண்டியவங்க ஜங்ஷனுக்கு வருவாங்க."

"வேண்டியவங்களாலதான் வர முடியாது சாரே" என்றாள் அம்மா. "ஜங்ஷன் வரைக்கும் நடக்க முடிஞ்சா அவ்வளவு தீனம் இல்லேண்ணு அர்த்தம்."

மேனேஜர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டு யோசித்தார். அன்று எனக்கு அவர் மேல் கோபமாக இருந்தது. இப்போது யோசித்தால், பெருங்கடவிளை தொட்டு மலையடிவாரம் வரைக்கும் அவர் கையில் இருந்தது ஒரே ஒரு வண்டி. எந்த ஊரை விடுவது என்பதுதான் அவருடைய வேலையாக இருந்திருக்கிறது. கடைசியில் சொன்னார்: "வண்டி வராது. சிஸ்டர நடந்து வரச் சொல்லலாம். டாக்டரோட வண்டி ஜங்ஷனில நிக்கும், அவசரம் வந்தா கூப்பிட. ஆனா அங்க ஒரு இடம் வேணும். சிமெண்டு தரை, மேல ஒழுகாத கூரை, ஊசி அவிக்க வெந்நீர். யாரு தருவா? தீனக்காரங்க வந்து இருக்கிய இடம்."

மற்றப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்களுக்க சாயக்கட உண்டு" என்றாள் அம்மா.

அப்பாவிடம் அன்று சாயங்காலம்தான் சொன்னாள். அப்பா சமோவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்தார்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா சரிண்ணு சொல்லுவியளா?"

"சொல்ல மாட்டேன்."

"அதாக்கும் கேக்காதது."

"கொரச்சுக்கொரச்சு இருமுறவன் இருந்த பெஞ்சில எவன் இருந்து சாய குடிப்பான்? கட பூட்ட வேண்டியதுதான்."

"அந்த ஒரு நாளு சாய வேண்டாம். மத்த நாளு பெஞ்ச நான் வெந்நி ஊத்திக் கழுவித் தாறேன்."

"வராமப் போனா?"

"எனக்க பிள்ளைக்கு ஊசி நிக்கப்பிடாது" என்றாள் அம்மா. "அத மட்டும் பாருங்க. மத்தத பெறவு பாப்போம்."

அப்பா சொன்னதுதான் நடந்தது. சிஸ்டர் முதல் நாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தடிப்பாலத்தைக் கடந்து வந்தார். சமோவருக்குப் பக்கத்து அடுப்பில் ஊசிகள் அவிந்தன. புண்ணுக்காரி வந்தாள், டாப்பிங்காரர் வந்தார். நான் அங்கேயே ஊசி போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் விடியற்காலை பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ரப்பர் வெட்டுகிறவர்கள் கீழே ஜங்ஷனில் சாயை குடித்துவிட்டு ஏறினார்கள். அப்பா வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர்கள் போவதைப் பார்த்தார். அம்மா பெஞ்சை மறுபடியும் கழுவினாள். வாரக்கணக்காக அப்படித்தான் இருந்தது. வீட்டில் பெரும்பாலும் சோறு இல்லை, மரச்சீனிக் கிழங்குதான். அம்மாவும் அப்பாவும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. அம்மா ஒரு தடவைகூடத் தளரவில்லை.

மாமியின் மருமகள் அப்போது மாசமாக இருந்தாள். தலைப்பிள்ளை. அவள் முகமும் காலும் நன்றாக வீங்கியிருந்தன. ஆண் பிள்ளைதான், அதுதான் இந்தப் புஷ்டி என்று மாமி சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். சாயக்கடைப் பக்கம் அவளை விடவே இல்லை. சிஸ்டர் வந்த ஒருநாள், அம்மா மாமி வீட்டுக்குப் போய் அவளைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். மாமி திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

நான் அக்கா என்று கூப்பிடும் அந்த மருமகளின் கையில் சிஸ்டர் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "தல வலிக்குதா? கண்ணு மங்குதா?"

"ரெண்டு நாளா உண்டு சிஸ்டர்" என்றாள் அவள் மெதுவாக.

சிஸ்டர் எழுந்துவிட்டார். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போணும். நாளைக்கு இல்ல, இப்போ. வலிப்பு வந்தா தாயும் பிள்ளையும் கிட்டாது. நடத்தப்பிடாது, தூக்கணும்."

"எனக்க மருமகள நான் விட மாட்டேன்" என்றாள் மாமி. "அவன் வரட்டு, எனக்க மோன். அவங்கிட்ட கேக்காம விட மாட்டேன்." மாமியின் மகன் வேலைக்காகக் கொல்லத்தில் இருந்தான்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். வெளியே நின்ற அப்பா உள்ளே வந்தார். கடையில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான் உண்டு, கல்லாவுக்குப் பின்னால் அவர் மட்டும் உட்காருவது. அதைத் தூக்கி நடுவில் போட்டார். "இதில இரி மக்கா" என்றார் அந்த அக்காவிடம். பிறகு ரோட்டில் இறங்கி, ரப்பர் வெட்டி முடித்து வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, "எலே, இஞ்ச வாங்கலே" என்று கூப்பிட்டார். வாரக்கணக்காகக் கடைக்குள் கால் வைக்காத அதே ஆட்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள்.

நாற்காலியின் இரண்டு பக்கமும் கமுகுத் தடியைக் கட்டினார்கள். தடிப்பாலத்தில் அதைக் கொண்டுபோக முடியாது. ஓடையில் இறங்கினார்கள். தண்ணீர் அப்பாவின் மார்பு வரைக்கும் வந்தது. நாற்காலியைத் தோளுக்கு மேலே பிடித்தபடி, "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். சிஸ்டர் பாலத்தின் வழியே முன்னால் ஓடினார். நான் கரையில் நின்றேன். மாமி பக்கத்தில் நின்று என் தோளைப் பிடித்திருந்தாள். நாற்காலி அக்கரை ஏறும் வரை அவள் பிடியை விடவில்லை.

ஜங்ஷனில் டாக்டர் தயாராக இருந்தார். வண்டியிலேயே ஊசி போட்டுத் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் தேவைப்பட்டதற்கு ஆள் பிடித்துக் கொடுத்ததும், கூடப் போன அம்மா அங்கே தங்கிப் பார்த்துக்கொள்ள இடம் ஏற்பாடு செய்ததும் அறக்கட்டளை ஆட்கள்தான். வலிப்பு வரவில்லை. குறைமாதத்தில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. எலிக்குஞ்சு மாதிரி இருந்ததாம். அவளை உங்களுக்குத் தெரியும். பாறசாலையில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறாள்.

அடுத்த தடவை சிஸ்டர் வருகிற நாளில் நாங்கள் எழுந்தபோது, அப்பா கடையைத் தானே கழுவிவிட்டு பெஞ்சுகளைச் சுவரோரமாக நகர்த்தியிருந்தார். ரப்பர்காரர்கள் விடியற்காலையில் வந்து நின்றுகொண்டே சாயை குடித்துவிட்டுப் போனார்கள். மாமி வந்தாள். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது அப்பாவிடம், "சிஸ்டருக்கு ஒரு சாய குடுலே, நல்லாப் பால் விட்டு" என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

கணக்கு டீச்சரும் வந்தார். பள்ளிக்கூடம் விட்ட நேரம், கூட்டம் குறைந்த பிறகு. அவருக்குப் பின்னால் முட்டாக்குப் போட்ட மாதிரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு வாலிபன் வந்தான். நெற்றியிலும் முகவாயிலும் விழுந்து அடிபட்ட தழும்புகள். அவருடைய தம்பி. அப்படி ஒரு தம்பி இருப்பதே ஊரில் யாருக்கும் தெரியாது. வலிப்பு வரும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

டீச்சர் அம்மாவிடம் சொன்னதை நான் பெஞ்சில் இருந்து கேட்டேன். "ஒங்க பிள்ளைக்க கை ஆடினப்போ இவனாக்கும் எனக்கு ஓர்ம வந்தது. அடிச்சாவது நிறுத்திப் போடணும்ணு நெனச்சேன். பயந்து போச்சு எனக்கு."

அம்மா ஒரு பெஞ்சை நகர்த்திப் போட்டாள். தம்பிக்கு உட்கார இடம் காட்டினாள். அறக்கட்டளை மருந்து அவனுக்கு மாதாமாதம் வந்தது. கொஞ்ச காலத்தில் அவன் தனியாகவே வந்து வாங்கிப் போனான். அந்த அடியைப் பற்றி டீச்சர் என்னிடம் நேராக எதுவும் சொன்னதில்லை. ஓணத்துக்குள் என் கையாட்டம் நின்றபோது, என் சிலேட்டை வாங்கி, எழுத்தைப் பார்த்து, "கொள்ளாம், நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஊசி நிற்கவில்லை. நீங்களெல்லாம் பஸ் ஏறிக் காலேஜுக்குப் போன காலத்திலும் நான் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கான்கிரீட் பாலம் வந்தது. வண்டி மறுபடியும் மேலே வந்து, எங்கள் கடை முன்னாலேயே நின்றது. இடையில் ஒரு தடவை அறக்கட்டளையில் பணத்துக்கு முடை வந்து நிறுத்தப் பார்த்தார்கள். அம்மா மறுபடியும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறினாள். இன்னொரு பக்கம் பஞ்சாயத்துக்கும் நடந்தாள். இப்போது அங்கே இருக்கிற அரசாங்கச் சுகாதார நிலையம் அந்த நடையில் வந்தது. என் வால்வு கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கிறது. ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். மற்றபடி இரண்டு பிள்ளை பெற்றேன், பேரப்பிள்ளைகளைத் தூக்கினேன்.

கடைசி ஊசி போட்ட நாளைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். எனக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். சிஸ்டருக்குத் தலை நரைத்துவிட்டது. பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, "இனி வேண்டாம் மோளே, டாக்டர் சொல்லியாச்சு" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. எவ்வளவோ நாள் காத்திருந்த சொல் அது. ஆனால் கேட்டபோது என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கண் நிறைந்துவிட்டது.

அம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள்.

"கழிஞ்சுதா?"

"கழிஞ்சு போச்சும்மா."

அம்மா முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். பிறகு எனக்குப் பின்னால் வாசலைக் காட்டினாள். ஒரு கைக்குழந்தைக்காரி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றாள்.

"பின்ன என்னத்துக்கு இருக்க? எந்திரிச்சு எடம் குடு மக்கா. ஆளு நிக்குது."